பழைய கார், புதிய பாகம் – கடிதம்

வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் நானும் ஒன்று வாங்கினேன். 22 வயதான சின்ன கார். வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஓடிச் சூடான பிறகு நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் முனகும், சுற்றாது. பேட்டரி மாற்றினேன். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் மாற்றினேன். போன வாரம் இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரும் புதிது. இன்னும் அப்படியேதான். டயர் 2013-இல் வந்தது, மேலே நல்ல பட்டன், அதாவது வரிப்பள்ளம், இருப்பதால் கை வைக்கவில்லை. வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். பழைய கார் என்றாலே யானையைக் கட்டித் தீனி போடுவதுதானா? விற்றுவிடலாமா? சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா, மங்கிய பெயிண்டுக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆயில்: வண்டிப் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அது. பெயிண்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு. பேட்டரி, ஆல்டர்னேட்டர், செல்ஃப் என்று ஒரு வரிசை சொல்கிறீர்களே, அதே வரிசையில் நானும் மாற்றியிருக்கிறேன். என் முதல் கார் நாலு கை மாறி வந்தது. இதே முனகல். இருந்த காசையெல்லாம் பானெட்டுக்குள் கொட்டினேன். ஒருநாள் வழியில் நின்றுவிட்டது. பத்துப் பன்னிரண்டு தடவை சாவியைத் திருப்பிவிட்டு, கார்பரேட்டரில் ஏதாவது அடைப்பா என்று பார்க்கக் கையை விட்டேன். ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டது. அது இன்ஜினின் சூடு இல்லை. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வைக்கிற சூடு. மேலுறை இளகி வளைந்திருந்தது.

வெறும் கம்பி அது. பெடலை மிதித்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அது எதற்குச் சுட வேண்டும்? அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. என் வண்டியில் பேட்டரியின் மைனஸ் பாடியில்தான் மாட்டியிருந்தது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் செம்புக் கம்பியால் பின்னிய ஒரு பட்டை போகும். எர்த். செல்ஃப் குடிக்கிற கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டதால் கரண்ட், ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். ஒரு பக்கம் பச்சைக் களிம்பு, மறுபக்கம் துரு. உப்புத்தாள் போட்டு இரண்டையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முறுக்கினேன். சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. அப்போது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பழைய செல்ஃப் மோட்டாரை எடைக்குப் போட்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

கணக்கு எளிதுதான். சின்ன காரின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே காலி. பத்துப் பதினொரு வோல்ட்டில் திணறிக்கொண்டு சுற்றுகிற மோட்டாருக்கு அது பெரிய இழப்பு. சூடேறினால் செம்பின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும், மோட்டாருக்குள் இருக்கிற செம்பும் சேர்த்துத்தான். காலையில் தப்பித்துவிடுகிற வண்டி மத்தியானம் மாட்டிக்கொள்ளும். இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! ஒருவரும் முதலில் அளப்பதில்லை. முதலில் வாங்குகிறார்கள்.

யானை என்கிறீர்கள். என்ன நோய் என்று பார்க்காமலே அதற்கு மூன்று வைத்தியம் பார்த்தது யார்? அனுமானத்தில் பாகம் மாற்றுவதற்கு ரிப்பேர் என்று பெயர் கிடையாது. சீட்டுக் குலுக்குவதும் அதுவும் ஒன்று. மாற்றிய பிறகு வண்டி ஓடினால்கூட, பழுது எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாற்றும்போது ஏதோ ஒரு ஒயரை அசைத்திருப்பீர்கள், அதனால் ஓடியிருக்கும். ஆறு மாதத்தில் மறுபடி நிற்கும்.

செய்ய வேண்டியது இது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டி சூடாக இருக்கும்போதே. வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தில் வையுங்கள். அதன் மேல் மாட்டிய கிளாம்பில் வைக்காதீர்கள், களிம்பு அங்கேயும் இருக்கலாம். மறுமுனை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இடத்தில். வீட்டில் விற்கச் சொல்கிறாரே, அவரையே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் பக்கம் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஸ்பேனரும் உப்புத்தாளும் போதும். குறைவாகவே காட்டினால் பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அதே மாதிரி அளந்து பாருங்கள்.

டயர் விஷயத்தில் மட்டும் உங்களைத் திட்டாமல் விட முடியாது. முனகுகிற செல்ஃபுக்கு இவ்வளவு செலவு, உயிரைத் தாங்குகிற ரப்பருக்கு ஒன்றுமில்லையா? பட்டனைப் பார்த்து வயது சொல்ல முடியாது. பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2313 என்றால் 2013-இன் 23-ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகள் பலவும் சொல்கின்றன.

விற்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள், பேசுவோம். டயரை அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.