அரிசி டப்பாவுல இருக்கற சீட்டு

கேள்வி: அக்கா, எங்களுக்கு பாலக்கோடு பக்கம். தம்பிக்கு 24 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை. ரெண்டு வருஷம் முன்ன மாசக்கணக்கா படுத்தே கிடந்தான், சோம்பேறின்னு திட்டினோம். போன மாசம் நாலு நாளா தூக்கமே இல்ல, ஓயாத பேச்சு, கடன் வாங்கி மூணு செல்போன் வாங்கிட்டான். டாக்டர் பைபோலார்னு எழுதிட்டார். யாராச்சும் பாத்தா பொண்ணு தரமாட்டாங்கன்னு அம்மா அந்த சீட்ட அரிசி டப்பாக்குள்ள மறைச்சு வெச்சிருக்காங்க. இந்தப் பேரு வந்தது நல்லதா கெட்டதா?

பதில்: தங்கச்சி, நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, படுத்தே கிடந்தான், அப்புறம் தூங்கவே இல்லன்னு, அந்த ரெண்டும் ஒரே நோய்தான்னு சொல்றதுதான் அந்தப் பேரு. இது தெரியாம சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தா சிலருக்கு அதுவே இந்த வேகத்த கிளப்பி விட்டுடும், அதனால பேரு சரியா இருக்கறது ரொம்ப முக்கியம். இந்த நோய்க்குத் தர்ற லித்தியம்ங்கற மாத்திரைய கொடுத்திருந்தா அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணணும், நம்ம ஊரு வெயிலுக்கு தண்ணி நிறைய குடிக்கணும், நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. அவன் சோம்பேறி இல்லன்னும் இப்பதானே தெரியுது, அத அவன்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க.

கெடுதலே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். இனிமே அவன் கொஞ்சம் சத்தமா சிரிச்சாலும் வீடே திரும்பிப் பாக்கும், நியாயமா கோவப்பட்டாக்கூட மாத்திரை போட்டியான்னு கேப்பீங்க, எங்க பெரியம்மாவுக்கு இதுதான் நடந்துச்சு, அவங்க பேசறதையே யாரும் காதுல வாங்காம போயிட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அது ஆறல. அப்புறம், தைராய்டு, போதை இதுனாலயும் இப்படி வரலாம், நாள் போகப்போக டாக்டரே பேர மாத்தவும் செய்யலாம், சந்தேகம்னா இன்னொரு டாக்டர பாருங்க, தப்பில்ல.

2017 மனநலச் சட்டத்துல தெளிவா இருக்கு, மனநோய்னு டாக்டர் எழுதினதாலயே ஒருத்தர புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு சொல்லிட முடியாது, அத கோர்ட்டுதான் சொல்லணும். இன்சூரன்ஸும் உடம்பு நோய்க்கு மாதிரியே மனநோய்க்கும் தரணும்.

கல்யாண விஷயம். ஊருக்கெல்லாம் சொல்லணும்னு இல்ல, ஆனா கட்டிக்கப்போற பொண்ணுக்கு முன்னாடியே தெரியணும், மறைச்சுக் கட்டி வெச்சா அந்தப் பொண்ணுக்குத் தெரியாம மாத்திரை போட முடியாம இவன்தான் திண்டாடுவான். ராத்திரில பயமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

அம்மாகிட்ட பக்குவமா பேசி அந்த சீட்ட வெளிய எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.