மூன்று கவுன்சிலர் இருந்தால் கசக்குமா?

கேள்வி: உள்ளாட்சித் தேர்தலுக்கும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் (வாங்கிய ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம்) வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, நாளைக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்த கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவது?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: இப்போது தட்டினால் திறக்கிறாரா, அதை முதலில் சொல்லுங்கள்.

நீங்கள் பயப்படுவது கட்சிப் பட்டியல் முறையைப் பார்த்து; அதில் ஓட்டு கட்சிக்கு, ஆளைக் கட்சி தன் பட்டியலிலிருந்து அனுப்பும். நான் கேட்பது ஒற்றை மாற்று வாக்கு, அதாவது ஆட்களுக்கே விருப்ப வரிசையில் எண் போடுவது. நம் எம்.எல்.ஏ.க்கள் ராஜ்யசபாவுக்கு ஓட்டுப் போடுவது இந்த முறையில்தான். ஆறு இடம் காலி என்றால் 34 ஓட்டு கையில் உள்ள எதிர்க்கட்சிக்கும் ஓர் இடம் நிச்சயம். தங்களுக்கு என்றால் நியாயம், நமக்கு என்றால் மட்டும் 'ஜனங்களுக்குப் புரியாது'!

பக்கத்துப் பக்கத்து மூன்று வார்டை ஒன்றாக்கி மூன்று கவுன்சிலர் என்று வையுங்கள். சீட்டில் 1, 2, 3 என்று உங்கள் விருப்பப்படி எண் போடுகிறீர்கள். செல்லுபடியான ஓட்டு 12,000 என்றால் 3,001 வாங்கியவர் ஜெயித்தார் (கால் பங்குக்கு மேல் மூன்று பேருக்குத்தான் கிடைக்க முடியும், நாலாவது ஆளுக்கு ஓட்டு மிஞ்சாது). ஒருவருக்கு 5,000 விழுந்தால் மிச்சமுள்ள 1,999 வீணாவதில்லை, அந்த ஓட்டுக்காரர்களின் அடுத்த விருப்பத்துக்குப் போகிறது. அப்புறம் உங்களுக்குத் தட்ட ஒன்றுக்கு மூன்று கதவு, அதில் ஒன்றாவது நீங்கள் எண் போட்ட ஆளுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்காட்லாந்தில் 2007லிருந்து உள்ளாட்சித் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது.

நம் கதை என்ன? 2022ல் சென்னை மாநகராட்சியின் 200 வார்டில் திமுக தனியாகவே 153, கூட்டணியோடு 178, அதிமுகவுக்கு 15. ஓட்டுப் போட வந்ததே ஊரில் பாதிக்கும் குறைவானவர்கள், அதிலும் ஐந்தாறு பேர் நிற்கிற வார்டில் 35 சதவீதம் வாங்கினாலே மாலை விழுந்துவிடும், மீதி 65 சதவீதம் பேருக்கு ரிப்பன் மாளிகையில் வாயே கிடையாது. (உடன்பிறப்புகள் கோபப்பட வேண்டாம், 2011ல் காற்று அதிமுக பக்கம் அடித்தபோது உங்களுக்கும் இதே கதிதான்.) சொத்துவரியை உயர்த்தும் தீர்மானம் வந்தால் எழுந்து நின்று கேட்க ஆள் வேண்டாமா?

சட்டம் இடம் தருமா என்றால், அரசியல் சாசனத்தின் 243ஆர் பிரிவு உறுப்பினர்களை வார்டுகளிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது; வார்டுக்கு ஒருவர்தான் என்று அதில் இல்லை. புனேயில் நான்கு பேர் வார்டே உண்டு. ஆனால் அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி ஓட்டு, அதனால் ஒரே கட்சி நான்கையும் அள்ளிக்கொண்டு போக முடிகிறது. அந்த அரைகுறையை நமக்குக் கொண்டுவந்து தலையில் கட்டிவிடக் கூடாது.

சங்கடம் இல்லாமல் இல்லை. யாருக்கும் பெரும்பான்மை வராமல் போகலாம். விகிதாச்சாரம் கலந்த முறையில் 2025ல் தேர்தல் நடந்த கொழும்பு மாநகர சபையில், மொத்தம் 117 இடத்தில் முதலில் வந்த கட்சிக்கே 48தான். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் நம்மூரில் பேரம் நடக்கும், ரிசார்ட் பஸ் கிளம்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 178 பேர் கைதூக்கி முடிக்கிற சபையில் பேரமே இல்லை என்று யார் சொன்னது? அது கதவுக்குப் பின்னால் நடக்கிறது, அவ்வளவுதான்.

இப்போதைய ஓட்டு இயந்திரம் இதற்கு உதவாது, எண்ணி முடிக்க ரெண்டு நாள் கூட ஆகும் என்பார்கள். ஆகட்டுமே. 2016ல் நடக்க வேண்டிய மாநகராட்சித் தேர்தலுக்கு 2022 வரை காத்திருந்த ஊர் இது.