டாலவே நாவலின் சூழலை எங்கிருந்து தொடங்குவது?

நனவோடை உத்தி (பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதிச் செல்லும் முறை) பற்றிய உங்கள் ஆய்வேட்டு அத்தியாயத்தை "சூழல் எங்கே?" என்று கேட்டு நெறியாளர் திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்காக வர்ஜீனியா வுல்ஃபின் வாழ்க்கை வரலாறு முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். அவருடைய 'மிஸஸ் டாலவே' நாவலில், போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1923 ஜூனில், முதல் உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. போர் அதிர்ச்சி குறித்து பிரிட்டிஷ் அரசுக் குழு 1922இல் அறிக்கை தந்தது. செப்டிமஸைப் பார்க்கும் மருத்துவர் பிராட்ஷா வரும் பக்கங்களை அதோடு சேர்த்துப் படியுங்கள், கோபம் வரும்.

விமானம் வானில் புகையால் விளம்பரம் எழுதும் காட்சியையும் விடாதீர்கள். கூட்டத்தில் ஆளுக்கொரு சொல்லாக வாசிக்கிறார்கள். செப்டிமஸுக்கோ அது தன்னிடம் பேசுவதாகத் தோன்றிக் கண் நிறைகிறது. உங்கள் நனவோடை அத்தியாயம் சூழலோடு சேரும் இடம் இதுதான்.

வுல்ஃப் 1917இல் தன் கணவரோடு தொடங்கிய ஹோகார்த் அச்சகத்தில்தான் 1925இல் இந்த நாவல் வந்தது. அதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.