பி.சி.ஏ. படிக்கிறேன், வெப் டெவலப்பர் வேலைக்கு என்ன புராஜெக்ட் செய்து காட்டலாம்?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், பாடத்தில் வந்த பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் தெரியும் என்கிறீர்கள். தொடங்க இது போதும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர் எல்லாம் கை பழகுவதற்குச் சரி. ரெஸ்யூமில் அவற்றுக்கு மதிப்பு குறைவு. வீடியோவைப் பார்த்து அடித்ததா, நீங்களே யோசித்துச் செய்ததா என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. அதனால் தமிழ்த் தரவை வைத்து ஒரே ஒரு தளம் செய்யுங்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ கல்லூரித் துறை நூலகத்திலோ உள்ள 300 புத்தகங்களின் பட்டியல், தேடும் வசதியோடு. சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் தமிழ் உள்ளே வந்ததும் பயிற்சி வீடியோக்களில் வராத சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றைத் தீர்த்த விதம்தான் உங்கள் திறமைக்குச் சாட்சி.

முதலில் டேட்டாபேஸ். டேபிளை யுடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் குறியாக்கம்) என்று உருவாக்குங்கள், பிஎச்பி இணைப்பிலும் அதையே சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் எழுத்து கெடலாம். திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்துகள் வரிசையாக வந்தால், தரவு பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. டேபிளுக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகள் பதிந்திருந்தால் மூல எழுத்து போய்விட்டது, மறுபடி உள்ளிடத்தான் வேண்டும்.

அடுத்து எழுத்து எண்ணிக்கை. ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து. நீளம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் 5 என்று சொல்லும், பிஎச்பியின் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதுதான் காரணம். நீளமான தலைப்பை 20 எழுத்தில் வெட்ட நினைத்தால் புள்ளி கழன்று ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர், பிஎச்பியில் கிராஃபீம்_எஸ்டிஆர்லென் சரியாக 3 என்று எண்ணும்.

அகரவரிசையும் தானாக அமையாது. யூனிகோடு அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால், வெறுமனே வரிசைப்படுத்தினால் ‘பழம்’ முன்னால் வந்து ‘பவளம்’ பின்னால் போகும். நம் அகராதி வரிசை ல, வ, ழ, ள அல்லவா? மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்ட்ல் கொலேட்டரில் மொழிக் குறியீடாகத் தமிழைக் கொடுத்தால் வரிசை சரியாகும்.

தேடலில்தான் நிறையக் கற்றுக்கொள்வீர்கள். ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்ட் ஒப்பிட்டால் வெவ்வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்தால் (இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்) இது தீரும். ‘ஔவையார்’ அப்படித் தீராது. பலர் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டுகிறார்கள். எல்லா ‘ஒள’வையும் மாற்றினால் ‘ஒளி’ கெட்டுவிடும். இதற்கு என்ன விதி வைத்தீர்கள், ஏன் என்று ரீட்மீயில் (புராஜெக்டை விளக்கும் கோப்பில்) நாலு வரி எழுதுங்கள். ஒரு நல்ல டெவலப்பர் அந்த நாலு வரியை நிறுத்திப் படிப்பார்.

ஹோஸ்டிங்: கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் இலவச ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸில் பிஎச்பி ஓடாது. பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகப் படிக்கும் ஜேசான் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேடலை ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே நடத்துங்கள், 300 பதிவுக்குத் தாராளம். விண்டோஸ் கணினியில் தெரிந்த அட்டைப்படம் ஏற்றிய பிறகு காணாமல் போனால் கோப்பின் பெயரைப் பாருங்கள். கிட்ஹப் பேஜஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. சிஎஸ்எஸ் பாதை சாய்கோட்டில் தொடங்கினாலும் வராது, ஏனென்றால் தளம் ரெப்பாசிட்டரியின் (கிட்ஹப்பில் உள்ள உங்கள் புராஜெக்ட் கோப்புறையின்) பெயர் கொண்ட துணைப் பாதையில் இருக்கும். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போடாதீர்கள். 600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற சிறிய அளவுப் பட வடிவத்துக்கு மாற்றுங்கள். பக்கத்தைப் போன் திரை அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் மெட்டா வரியை விட்டால் போனில் பக்கம் முழுவதும் எறும்பெழுத்தாகத் தெரியும்.

கமிட்டை (மாற்றங்களைக் கிட்டில் பதிவதை) வேலை நடக்க நடக்கப் போடுங்கள். கடைசி நாளில் ‘ஃபைனல்’ என்று ஒரே கமிட் போட்டால், வேறிடத்திலிருந்து எடுத்தது போலத் தெரியும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தவறிக் கிட்ஹப்புக்குப் போய்விட்டால் கோப்பை அழிப்பது போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே உடனே மாற்றுங்கள்.