அச்சு 90 டிகிரி, பாகம் மட்டும் 89?

கேள்வி: கார்பன் ஃபைபர் எபாக்ஸி ப்ரீப்ரெக்கில் (ரெசின் ஏற்கெனவே ஊறிய இழைத் தாள்) எல் வடிவ பிராக்கெட் செய்கிறோம். அலுமினிய அச்சு துல்லியமாக 90 டிகிரி. 180 டிகிரி செல்சியஸில் க்யூர் செய்து, அதாவது சூட்டில் கெட்டியாக்கி, கழற்றினால் கோணம் 89க்கு வந்துவிடுகிறது. மெதுவாக ஆறவிட்டும் பெரிய பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆறவிடும் வேகத்தை விட்டுவிடுங்கள், பிரச்சினை அதில் இல்லை. கார்பன் இழை சூட்டில் நீளவாக்கில் நீளாது, துளி சுருங்கக்கூடச் செய்யும். எபாக்ஸி ரெசினோ டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50, 60 பங்கு விரியும். கெட்டியான பிறகு சூடு இறங்கும்போது ரெசின் சுருங்கப் பார்க்கிறது, இழை விடுவதில்லை, அதனால் தகடு தடிமனில் மட்டும் சுருங்கி, க்யூர் ஆகும்போது ரெசின் தானாகச் சுருங்குவதும் சேர்ந்துகொள்ள, வளைவு உள்பக்கமாக மடங்கிவிடுகிறது.

முதலில் அடுக்குகளைப் பாருங்கள். நடுத்தளத்துக்கு இருபுறமும் ஒரே மாதிரி இல்லையென்றால் தட்டையான பகுதியே முறுக்கிக்கொள்ளும். அது சரி என்றால், ரெசின் தயாரிப்பாளரின் அட்டவணை அனுமதிக்கும் குறைந்த வெப்பத்தில் ஜெல் ஆகும்வரை (ரெசின் பாயாமல் உறையும்வரை) நிறுத்தி அப்புறம் உச்சத்துக்குப் போங்கள், நேரம் கூடும். சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் அச்சு வாங்கச் சொல்வார்கள். விலையைக் கேட்டால் தலைசுற்றும், அதிலும் இந்த மடக்கம் முழுதாகப் போகாது.

விமானத் தொழிலில் அச்சையே திருத்தி வெட்டுகிறார்கள். நீங்களும் சில பாகங்களை அளந்து, சராசரி வித்தியாசம் 1 டிகிரி என்றால் அச்சை 91க்குச் செய்யுங்கள். கழற்றிய பாகத்தை போல்ட்டால் இழுத்து 90க்கு விரிக்க மட்டும் வேண்டாம், வளைவில் அடுக்குகள் பிரிந்துவிடும்.