இடைவேளை மணி அடித்தாலே பயப்படுகிறான்

மதிப்புக்குரிய மேடம்,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, டவுன் பாடசாலையில் 7ஆம் தரம் படிக்கிறான். அங்கே சில பையன்கள் அவனை "லயத்தான்" (தோட்டத்து லயன் வரிசை வீட்டுக்காரன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடைவேளையில் மலசலகூடத்துக்குப் பின்னால் வைத்து அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி, "இன்றைக்கும் ரொட்டியும் சம்பலும்தானா" என்று எல்லோருக்கும் திறந்து காட்டுகிறார்களாம். இப்போது சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறான். வகுப்பாசிரியரிடம் சொன்னால், "உங்கள் பிள்ளைதான் கொஞ்சம் தைரியமாக இருக்க வேண்டும்" என்கிறார். வீட்டுக்காரரோ திருப்பி அடிக்கச் சொல்கிறார். பழையபடி தோட்டப் பாடசாலைக்கே மாற்றிவிடலாமா?

ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று: உங்கள் மகனிடம் எந்தக் குறையும் இல்லை. அதே பையன்கள் ஆசிரியர் முன்னால் அந்தப் பெட்டியைத் தொடுவார்களா? மாட்டார்கள். யாரும் பார்க்காத இடம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நோர்வே உளவியலாளர் டான் ஒல்வேயஸ் 1980களிலேயே இதைக் கவனித்தார். இடைவேளையில் ஆசிரியர்கள் கூடுதலாக மேற்பார்வைக்கு நின்ற பாடசாலைகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது.

அந்தப் பட்டப்பெயர் எனக்கு இன்னும் கவலை தருகிறது. "தோட்டத்துப் பிள்ளைகள் எழும்புங்கள்" என்று ஓர் ஆசிரியர் சாதாரணமாகச் சொன்னாலே போதும், கேலி செய்ய அனுமதி கிடைத்துவிட்டதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். சுற்றி நின்று சிரிப்பவர்களும் முக்கியம். பின்லாந்துப் பாடசாலைகளில் நடக்கும் 'கிவா' என்ற திட்டம் அவர்களைத்தான் முதன்மையாகக் குறிவைக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்காவிட்டால் சீண்டுபவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்? நடந்ததைத் திகதி, இடத்தோடு எழுதி அதிபரிடம் நேரில் கொடுங்கள். அந்த மலசலகூடப் பக்கம் இடைவேளையில் ஓர் ஆசிரியரை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி "கை கொடுத்துச் சமாதானமாகுங்கள்" என்று முடிக்க மட்டும் விடாதீர்கள். பயந்திருக்கும் பிள்ளை அங்கே வாயைத் திறக்காது, அப்புறம் அடி இன்னும் கூடும். திருப்பி அடிப்பதும் வேண்டாம். கடைசியில் தண்டனை உங்கள் மகனுக்குத்தான் வரும்.

அதிபர் அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதற்கிடையில் மகன் தூக்கமும் சாப்பாடும் கெட்டு மெலிந்துகொண்டே போனால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாடசாலை மாற்றுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம், அதையும் அவனைக் கேட்டுத்தான்.