என்ஜின் கேள்வி–பதில்: விசிறி போதாது, காற்றுக்கு வழி வேண்டும்

கேள்வி: இரண்டு பழைய 100 சிசி பைக் என்ஜின்களின் சிலிண்டர், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), பிஸ்டன்களை எடுத்து, நானே செய்த கிராங்க் கேஸில் (கிராங்க் தண்டைத் தாங்கும் அடிப்பெட்டி) V வடிவில் பொருத்தியிருக்கிறேன். ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஆறும்வரை கையால் சுற்றவும் முடிவதில்லை. எதிரே மேஜை விசிறி வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், பிஸ்டனுக்கும், சிலிண்டருக்குள் இருக்கும் வார்ப்பிரும்புக் குழாயான ஸ்லீவுக்கும் நடுவே உள்ள நூலளவு இடைவெளி காணாமல் போகிறது. சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டனின் பக்கச்சுவரில் நெடுக்குவாட்டில் தேய்த்த தடங்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தச் சிலிண்டர்கள் ஓடும் வண்டிக்காகச் செய்யப்பட்டவை. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 14 மீட்டர் காற்று. மேஜை விசிறி அதன் பக்கத்தில்கூட வராது. வரும் கொஞ்சக் காற்றும் ஃபின்களின் (சிலிண்டரைச் சுற்றி வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) முன்பக்கத்தில் மோதி ஒதுங்கிவிடும். பின்பக்கம் வெந்துகொண்டே இருக்கும்.

கணக்கு இதோ: என்ஜின் 4 கிலோவாட் கொடுத்தால், ஏறத்தாழ அதே அளவு வெப்பம் சிலிண்டர், ஹெட் வழியாக வெளியேற வேண்டும். உள்ளே போகும் காற்று 40 டிகிரி சூடேறி வெளிவருவதாக வைத்தால், நிமிடத்துக்கு 5 கன மீட்டர் காற்று தேவை. ஃபின்களின் குறுகிய சந்துகளில் இதைத் தள்ள அழுத்தம் வேண்டும் என்பதால், இறக்கை விசிறியைவிடக் கூண்டு வடிவச் சக்கரம் உள்ள புளோயரே சரி. அதைக் கிராங்கிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டலாம்.

புளோயரைவிட முக்கியம் தகரக் கூடு. ஃபின் நுனிக்கும் தகரத்துக்கும் 2, 3 மி.மீ.தான் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமானால் காற்று சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். தகரம் சிலிண்டரின் பின்புறம்வரை வளைந்து போய், அங்கே ஒரு பிளவு வழியாகத்தான் காற்று வெளியேற வேண்டும். ஹெட்டில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கும் பக்கத்துக்குக் குளிர்ந்த காற்று முதலில் கிடைக்கட்டும். வெளியே வந்த சூடான காற்று புளோயரின் வாய்க்குத் திரும்பாதபடி குறுக்கே ஒரு தடுப்பும் வையுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

காற்றைச் சரிசெய்தும் சூடு குறையாவிட்டால், குற்றம் வேறிடத்தில். பிளக்கின் பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள். டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தால் நெருப்பு தாமதமாக எரிந்து எக்ஸாஸ்ட் பக்கத்தைச் சுட்டெரிக்கும். பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள்: 50 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) 0.2 மி.மீட்டருக்குக் குறையவே கூடாது. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ஸ்லீவைக் கீறிவிடும்.

பிளக் வாஷருக்கு அடியில் மாட்டும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒன்று கட்டாயம் வாங்குங்கள். 200 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் நிம்மதி. 230 தாண்டினால் லோடை எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: அதே பாகங்கள்தான், ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் சூடாகிறதே?

பதில்: முதல் சிலிண்டரைத் தொட்டுச் சூடேறிய காற்றுதான் இரண்டாவதற்குப் போகிறது. கூட்டுக்குள் ஒரு தகடு நிறுத்தி, இரண்டுக்கும் தனித்தனியாகக் காற்றைப் பிரித்துக் கொடுங்கள். ஒரே கார்புரேட்டர் என்றால் இன்டேக் குழாய்கள் இரண்டும் ஒரே நீளமா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஃபின்களைச் சுற்றித் தகடு வெல்டு செய்து தண்ணீர் நிரப்பலாமா?

பதில்: வேண்டாம். அதிகம் சூடாகும் இடம் ஹெட். அங்கே தண்ணீர் போகாது. மெல்லிய ஃபின் மேல் வெல்டு செய்தால் ஸ்லீவ் வட்டம் கெடும். தண்ணீரைக் கொதிக்கவிட்டே குளிர்விப்பதாக இருந்தால், 4 கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் ஆவியாகும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்தான் வேண்டுமென்றால், முதலிலேயே நீர்வழி உள்ள சிலிண்டரும் ஹெட்டும் தேடுங்கள். பம்ப் இல்லாமல் ஓட்ட, ரேடியேட்டர் ஹெட்டைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஹெட்டிலிருந்து போகும் குழாய் அகலமாக, எங்கும் தொய்யாமல் மேல்நோக்கியே ஏற வேண்டும். தொய்ந்த இடத்தில் ஆவி தங்கினால் ஓட்டம் நின்றுவிடும்.

கேள்வி: ரெவ் (என்ஜின் சுற்றும் வேகம்) ஏற்றினால் புளோயரும் வேகமாகச் சுற்றுமே?

பதில்: சுற்றும். ஆனால் எரியும் பெட்ரோலும் கூடும். வேகம் நிமிடத்துக்கு 4000 சுற்றிலிருந்து 5000 ஆனால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். ஃபிளைவீலை (கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரம்) பிய்க்கப் பார்க்கும் விசையும் அப்படியே. வீட்டில் செய்த கிராங்கில் இந்தச் சோதனை வேண்டாம். பதிலாகப் புளோயர் புல்லியைச் சிறிதாக்குங்கள். ஓட்டும்போது ஃபிளைவீல் சுற்றும் தளத்துக்கு நேரே நிற்காதீர்கள். மூடிய அறையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.